சார்ந்திருப்பவர்

…ஆனால் அதைப் பொய் என்று எப்படிச் சொல்ல முடியும், அம்மா தன்னோடு இருந்தாள்தானே, போன வருடம் முழுக்க இல்லாவிட்டாலும் பாதி வருடம் இருந்தாள், பாதி உண்மையை எழுதினால் மீதி பாதிக்கு மட்டும்தான் அபராதம் போடுவார்களா, இப்படி எதையாவது உள்ளே போய்க் கேட்டுத் தொலைத்துவிடக் கூடாது, கேட்ட கேள்விக்குப் பதில், அதற்குமேல் ஒரு சொல் கூடாது என்று ஆடிட்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். வருமான வரி அலுவலகச் சுவரில் டோக்கன் எண் மாறும்போதெல்லாம் ஒரு மணிச்சத்தம் வருகிறது, லிஃப்ட் வந்து நிற்பதுபோல மென்மையான சத்தம்தான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவள் தன் கையிலிருக்கும் டோக்கனை மறுபடி பார்க்கிறாள். நாற்காலிகளை ஒரே இரும்புச் சட்டத்தில் வரிசையாகப் பொருத்தியிருக்கிறார்கள், கோடியில் உட்கார்ந்திருப்பவர் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறார், அவர் ஆட்ட ஆட்ட வரிசை முழுவதும் நடுங்குகிறது, எது யாருடைய நடுக்கம் என்று பிரிக்க முடியவில்லை. அம்மா மட்டும் ரயிலில் போகிறவளைப்போல அந்த ஆட்டத்தோடு ஒத்து உட்கார்ந்திருக்கிறாள், மடியில் நீலப் பை. கீழே வைம்மா, கனக்கும் என்று சொன்னதற்கு, இருக்கட்டும் பாப்பா, இதுல என்ன கனம் என்றாள். தலை பாதி நரைத்த பெண்ணைப் பாப்பா என்று கூப்பிட்டதும் எதிர் வரிசையில் ஒருவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார், கீழ்வரிசையில் ஒரு பல் இல்லை, பக்கத்துப் பல் அந்த இடைவெளிக்குள் சாயத் தொடங்கிவிட்டது, இன்னும் தள்ளிப்போட்டால் இடம் கிடைக்காது. பயம் வந்தால் சிலர் நகம் கடிப்பார்கள், அவள் எதிரே இருப்பவர்களின் பல்லைப் பார்ப்பாள். இத்தனை வருடமாகப் பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை, மெழுகில் பல் அடுக்குவது, நிறம் பொருத்துவது, அங்கே ஒரு தப்பு நடந்தால் மெழுகைச் சூடாக்கி எடுத்துவிட்டு மறுபடி அடுக்கலாம், இங்கே எழுதியதை எடுத்து மறுபடி எழுத விடுவார்களா.

அன்றைக்கும் கையில் மெழுகுதான் இருந்தது, ஃபோன் மினுங்கியது, உங்கள் வருமான வரி விவரத்தில் முரண்பாடு. முரண்பாடு… வீட்டில் யாரும் பேசாத சொல், அதைப் படித்ததும் மெழுகைக் கீழே வைத்துவிட்டாள். இணையதளத்துக்குள் போனால் பாஸ்வேர்ட் தவறு என்றது, மறந்துவிட்டீர்களா என்று கேட்டது, ஆமாம் மறந்துவிட்டேன் என்றால் ஓடிபி அனுப்பினோம் என்றது, அனுப்பியது எப்போதோ விட்டுவிட்ட பழைய எண்ணுக்கு, அந்த எண்ணை மாற்ற வேண்டும் என்றால் முதலில் பாஸ்வேர்ட் போடு என்றது. கடைசியில் ஆடிட்டர் திறந்து காட்டினார். சார்ந்திருப்பவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர், அதே பெயர், அதே பிறந்த தேதி, தம்பியின் விவரத்திலும் இருக்கிறதாம். ஒரே ஆள் ரெண்டு வீட்ல இருக்க முடியாதில்லீங்களா மேடம் என்று சிரித்தார். விளக்கம் அளிக்கத் தவறினால் என்று தொடங்கும் வரி அந்த நோட்டீஸில் இருந்தது, அதற்கப்புறம் என்ன இருந்தது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது, அங்கே போனதும் கண் திரும்பிவிடும். கணவர் மட்டும் சாப்பிடும்போது சாவகாசமாகச் சொன்னார், உள்ள போறதுக்கு முன்னாடி உன் கடைவாய்ப் பல்லை அடைச்சுடு, ஜெயில்ல நல்ல பல் டாக்டர் இருக்க மாட்டான். அம்மாகூடச் சிரித்தாள். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வரி குறையும் என்பதற்காகவா எழுதினாள், இல்லையே, குறைந்த தொகை ஒரு ஜோடி செருப்பு விலைகூட இருக்காது. உங்களைச் சார்ந்து உங்களுடன் வசிக்கும் பெற்றோர் உண்டா என்று அந்தப் படிவம் கேட்டது, ஆம், இல்லை, இரண்டு கட்டம். இல்லை என்பதன்மேல் விரலை எப்படி வைப்பது, அம்மா உண்டா என்று கேட்டால் இல்லை என்று எந்தப் பெண் சொல்லுவாள். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தான். நீ அம்மாவை எழுதினியா என்று எப்படிக் கேட்பது, சொத்துப் பிரிக்கிற மாதிரி ஆகிவிடாதா, அப்பா போன பிறகு வீட்டை விற்றபோதுகூட அவர்கள் இரண்டு பேரும் நீ எடுத்துக்கோ நீ எடுத்துக்கோ என்றுதான் பேசிக்கொண்டார்கள், பாத்திரம் முதற்கொண்டு அப்படித்தான், அம்மாவும் இரண்டு மாதம் இங்கே இரண்டு மாதம் அங்கே என்று பேசாமலே முடிவாயிற்று. அந்த மரியாதைதான் இப்போது இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. அவனும் அதே மரியாதையில் கேட்காமல் இருந்திருப்பான். காலையில் ஃபோனில் கேட்டான். அக்கா, ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல? நீ கேட்டியாடா என்றாள். அவன், குரலில் கோபம்கூட இல்லாமல், ஊரறிந்த ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னான்.

"அம்மா என்கூடத்தானேக்கா இருக்காங்க. உன் வீட்டுக்கு அப்பப்ப வந்துட்டுப் போறாங்க, அவ்வளவுதானே?"

அவள் வாய்வரை வந்து நின்றது அதே வாக்கியம், வார்த்தை மாறாமல். என்கூடத்தான் இருக்கிறாள், அவன் வீட்டுக்கு வந்துபோகிறாள்… இதில் யார் பொய் சொல்கிறார்கள், இரண்டு பேருமே மனதார நம்பினால் அது பொய் கணக்கில் வருமா. சரிடா, அங்க கேக்கறாங்க, பாக்கலாம் என்று வைத்துவிட்டாள். இன்றைக்கு முறை மாறும் நாள் வேறு, இங்கிருந்து நேரே அம்மாவைத் தம்பி வீட்டில் விட வேண்டும், அதனால்தான் பை.

அந்தப் பையை நினைத்தால்தான்… வேண்டாம், இப்போது நினைக்கக் கூடாது. மணி அடித்தது, வேறு யாரோ எழுந்து போனார்கள். வரும்போது அம்மாவையும் அழைத்து வாருங்கள், உங்களோடு வசிப்பதற்கு ஏதாவது ஆதாரம் இருந்தால் கொண்டு வாருங்கள் என்று அலுவலகத்திலிருந்து பேசிய குரல் சொன்னது. ஆதாரம்தானே, வீடு முழுக்க ஆதாரம் என்று நினைத்துக்கொண்டு நேற்றுச் சாயங்காலம், அம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்த நேரம், அம்மா ரூமுக்குள் போனாள். அம்மா ரூம் என்றுதான் எல்லோரும் சொல்வது. இஸ்திரி மேஜை இருந்தது, இவர் வாங்கி ஒரு வாரம் மிதித்த சைக்கிள் இருந்தது, பையன் கல்லூரிக்குப் போகும்போது விட்டுப்போன புத்தகங்கள். அம்மாவுக்கென்று முதல் வருடமே ஒழித்துக் கொடுத்த அலமாரித் தட்டைத் திறந்தாள், அன்று விரித்த செய்தித்தாள் அப்படியே, ஒரு சுருக்கம் இல்லை, மேலே எதுவும் வைக்கப்பட்ட தடமே இல்லை. குளியலறையில் பிரஷ் கோப்பையைப் பார்த்தாள், இவருடையது, அவளுடையது. துண்டு? கொடியில் இல்லை, காய்ந்ததும் மடித்து உள்ளே வைத்துவிடுவாள்போல. சீப்பு, மாத்திரை, ராத்திரி கழற்றி வைக்கும் பல் செட்டின் டப்பா, அந்தப் பல் செட் அவளே அடுக்கியது, அம்மாவின் பழைய கல்யாணப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பல்லாக… எல்லாம் பைக்குள். ஒவ்வொரு நாளும் எடுத்து, ஒவ்வொரு நாளும் திரும்ப உள்ளே. எங்க அம்மா வந்தா இருக்கறதே தெரியாது என்று எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

பிறகு செய்ததைத்தான் நினைக்கக் கூடாது. அம்மா குளிக்கப் போனதும் பையைத் திறந்து இரண்டு புடவையை எடுத்து அந்தத் தட்டில் அடுக்கி, பக்கத்தில் சீப்பையும் மாத்திரையையும் வைத்து ஃபோனில் படம் எடுத்தாள். முதல் படம் கலங்கிப்போய், மறுபடி எடுத்தாள். திரும்ப மடிக்கும்போதுதான் தெரிந்தது, அம்மா மடிக்கிற விதம் வேறு, சின்னச் செங்கல்போல நான்கு விளிம்பும் ஒன்றாக நிற்கும், இவள் எப்படி மடித்தாலும் ஒரு மூலை பிதுங்கியது. குழாய்ச் சத்தம் நின்றது, அப்படியே திணித்து ஜிப்பை இழுத்துவிட்டாள். அம்மா பார்த்திருப்பாள். பார்க்காமல் எப்படி இருப்பாள், ராத்திரியே எடுத்துச் சரியாக மடித்திருப்பாள். ஒன்றும் கேட்கவில்லை, காலையில் காப்பி கொடுக்கும்போதுகூட…

மணி. அவர்கள் எண். டோக்கனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அம்மா அவள் முழங்கையைத் தொட்டு, வா என்றாள், ஊசி போட அழைத்துப்போவதுபோல.

அதிகாரி அவளைவிடச் சின்னவள், ஜலதோஷம், மேஜையில் கைக்குட்டை. முன்பல்லில் ஒன்று கட்டியது, பக்கத்துப் பல்லைவிட ஒரு சாயல் வெளுப்பு, டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் பார்த்திருக்கிறார்கள், பகலில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பல்லைப் பிடித்துக்கொண்டு அவள் மூச்சு விட்டாள். அதிகாரி அவளைக் கேட்கவில்லை, அம்மாவைத்தான் கேட்டாள், யார்கூட இருக்கீங்கம்மா? ரெண்டு பேர்கூடவும்தான் என்றாள் அம்மா. சரி, உங்க அட்ரஸ் சொல்லுங்க. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, கதவு எண், தெரு, பேட்டை எல்லாம் தடங்கலில்லாமல் ஒப்பித்தாள், பள்ளிக்கூடத்தில் எழுப்பிக் கேட்டதுபோல. அப்பா வீடு. அவளால் சும்மா இருக்க முடியவில்லை. அது வித்தாச்சு மேடம், அங்க வேற ஆளுங்க இருக்காங்க என்று சொல்லிவிட்டாள், யாரும் கேட்கவில்லை, கேட்டதற்கு மட்டும் பதில் என்று அவ்வளவு சொல்லியும்… அதிகாரி தட்டச்சை நிறுத்தினாள். பாங்க்ல, பென்ஷன்ல எல்லாம் இன்னும் அந்த அட்ரஸ்தான் இருக்கு என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். மாத்தணும் என்றாள் அம்மா, எந்த வீட்டுக்குன்னு மாத்தறதுன்னு விட்டுட்டேன். உங்ககூட இருக்காங்கன்னு காட்ட ஏதாவது வெச்சிருக்கீங்களா மேடம்? அவள் ஃபோனை எடுத்தாள். எடுக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் எடுத்தாள், விரல் தன்பாட்டுக்குப் படத்தைத் திறந்து நீட்டியது. அதிகாரி பார்த்தாள், பிறகு ஃபோனை அம்மா பக்கம் திருப்பினாள். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, அந்தத் தட்டை, அந்தச் செய்தித்தாளை, பிதுங்காமல் இருந்த தன் புடவைகளை நிதானமாகப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவாள், சொல்லட்டும், சொன்னால்கூடப் பரவாயில்லை…

"என் புடவைதாம்மா," என்றாள் அம்மா.

அவ்வளவுதான். பிறகு எல்லாம் சீக்கிரம் முடிந்தது, இதற்காகவா இத்தனை நாள் தூங்கவில்லை என்று யாருக்கும் தோன்றும்படி முடிந்தது. ஒரு வருடத்துக்கு ஒருவர்தான் எழுதலாம், அக்காவும் தம்பியும் பேசி முடிவு செய்து ஒருவர் விவரத்தைத் திருத்த வேண்டும், வித்தியாசத்தைக் கட்ட வேண்டும், முதல் தடவை என்பதால் வேறு ஒன்றும் இல்லை. நிறைய வீட்ல இப்படித்தான் மேடம், பயப்படாதீங்க. அவள் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்தாள், இனி பயம் விடும் என்று காத்தாள், விடவில்லை. அம்மா எழவில்லை.

"யாருமே எழுதலன்னா என்னம்மா ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதும்மா," என்று அதிகாரி மூக்கைத் துடைத்தாள். "நீங்க யாரையும் சார்ந்து இல்லன்னு ஆகும். உங்க பென்ஷனுக்கு நீங்களே தனியா எழுதிக்கலாம்."

"தனியா எழுதலாமா?"

"தாராளமா."

அம்மா தலையசைத்தாள். அந்தக் குரலில் என்ன இருந்தது, வருத்தமா, குத்தலா, இரண்டும் இல்லை, வருத்தமாக இருந்திருந்தால் அவளுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். இந்த பஸ் அங்கே நிற்குமா என்று கேட்பாளே, அந்தக் குரல். நிற்கும் என்றால் ஏறிவிடுவாள்.

அறையை விட்டு வெளியே வந்ததும் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தம்பிக்கு ஃபோன் போட்டாள், தூணோரம் நின்று. நீயே வெச்சுக்கோக்கா, நான் மாத்திக்கறேன் என்றான் எடுத்த எடுப்பில். இல்லடா, நீ வெச்சுக்கோ, நான் மாத்தறேன். ஐயோ அக்கா, நீயே வெச்சுக்கோ. பாத்திரத்துக்குப் பேசியதுபோலவே இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு திரும்பினாள். நாற்காலியில் பை மட்டும் இருந்தது. அந்தப் பையைத் தனியாக அவள் பார்த்ததே இல்லை. கூடம் முழுக்கக் கண்ணை ஓட்டினாள், வரிசை, கதவு, படிக்கட்டு… அம்மா அங்கேதான் இருந்தாள், மறுபடி உள்ளே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அதிகாரியின் மேஜையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டு. அதிகாரி ஒரு தாளில் எழுதிக் காட்ட, அம்மா இன்னொன்று கேட்டாள், விரலை மடக்கி மடக்கி. சிரித்தாள்கூட. மேல்வரிசை முழுக்கத் தெரிந்தது, ஒவ்வொன்றும் அவள் மெழுகில் அடுக்கியது, எந்தப் பல் எவ்வளவு சாய்வு, எங்கே நாக்கு படும் என்பதுவரை அவளுக்குத் தெரியும், அந்தப் பற்களுக்கு நடுவிலிருந்து என்ன வருகிறது என்றுதான் கேட்கவில்லை. காதருகே தம்பி இன்னும் பேசிக்கொண்டிருந்தான், அக்கா, இருக்கியா, அம்மாவை எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விடற?

கேட்டுச் சொல்றேன்டா என்றாள். சொல்லிவிட்டு, பையின் பக்கத்தில் உட்கார்ந்து, பதிலுக்குப் பயந்துகொண்டு கண்ணாடியையே பார்த்தாள், எங்கே இருக்க ஆசை என்று இத்தனை வருடத்தில் ஒருமுறையும் அம்மாவிடம் கேட்டதில்லை, அவனும் கேட்டிருக்க மாட்டான்…