பதினோராவது விலா

பிடிபட்ட ரோமானியக் கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்து வந்த அன்று கார்த்தேஜ் துறைமுகமே வயிறு வலிக்கச் சிரித்தது. மொத்தம் பதினேழு கப்பல்கள். லிப்பாரா தீவில் ஒரே விடியலில் மடக்கியவை. காயாத பச்சை மரம். பலகை இடுக்கெல்லாம் பிசின் வழிந்து ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

"கப்பலா இது? மாட்டுக்கொட்டாய்க்குத் துடுப்பு வெச்சிருக்கான்," என்றாள் கொண்டைக்கடலை விற்பவள்.

"மாட்டைக் கேவலப்படுத்தாதக்கா," என்றான் பக்கத்தில் இருந்த மீன்காரன்.

கப்பல் பட்டறையின் தலைமை மேஸ்திரி அரீஷும் சிரித்தார். நாற்பது வருஷமாக மரத்தோடு புழங்கியவர். ஒரு பலகையைத் தட்டிப் பார்த்தே அது எந்த மலைச்சரிவில் வளர்ந்தது என்று சொல்வார். உழவர்களாகவே பிறந்து உழவர்களாகவே சாகும் ரோமானியர்கள் கடலில் இறங்கியதே அவருக்கு ஒரு வேடிக்கையாக இருந்தது.

துறைமுக அதிகாரி மத்தான் அவரைக் கூப்பிட்டனுப்பியிருந்தான்.

"எது தேறும், எது விறகுன்னு பாத்துச் சொல்லுங்க மேஸ்திரி. நாளைக்குக் காலைல நம்ம படை கெளம்புது. அதுக்குள்ள இந்தக் குப்பைய ஓரங்கட்டணும்."

நாளைக் காலை நூற்று முப்பது கப்பல்கள் கிளம்புகின்றன, மிச்சமிருக்கும் ரோமானியக் கப்பல்களையும் இதேபோல் அள்ளிக்கொண்டு வர. மூன்றாவது கப்பலில் இடது வரிசைத் துடுப்பு அரீஷின் ஒரே மகன் ஷாபாத்துக்கு. அந்த நினைப்போடுதான் அரீஷ் பிடிபட்டவற்றில் முதல் கப்பலில் ஏறினார். தளப்பலகைகளைப் பெயர்த்துவிட்டு அடிவயிற்றுக்குள் குனிந்து இறங்கினார்.

அங்கே சிரிப்பு நின்றது.

விலா மரங்களில் கறுப்பு மையால் குறிகள் போட்டிருந்தார்கள். அவருடைய குறிகள். ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியாகச் செதுக்கி, எது எதோடு சேரும் என்று குறி போட்டு, கண்ணைக் கட்டிவிட்டாலும் கோத்துவிடலாம் என்கிற மாதிரி கப்பல் கட்டுவது அவருடைய பட்டறையின் பெருமை. அதே குறிகளை, எழுத்து தெரியாத எவனோ பூ வரைவதுபோல் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தான்.

எண்ணிக்கொண்டே ஊர்ந்தார். இடது பக்கம், பதினோராவது விலா. வெட்ட வேண்டிய இடத்திலிருந்து நான்கு விரல் தள்ளி வேண்டாத ஒரு வெட்டு. வெட்டை அடைத்து ஒரு முக்கோண ஆப்பு.

ஆறு வருஷம் முன்பு, 'பட்டறைக்கு வர மாட்டேன், துடுப்புதான் பிடிப்பேன்' என்று ஷாபாத் முகத்துக்கு நேராகச் சொன்ன நாளில், ஆத்திரத்தில் கை தவறி அவர் வெட்டிய வெட்டு அது. லெபனோனிலிருந்து வந்த தேவதாரு. தூக்கிப் போட மனம் வரவில்லை. தன் கைவேலையில் பிழை என்று நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்ள அதைவிடவும் மனம் வரவில்லை. ஆப்பு அடித்து, கீல் பூசி, தளப்பலகைக்கு அடியில் மறைத்துவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து அந்தக் கப்பல் சிசிலி நீரிணையில் மணல்திட்டில் ஏறி, ரோமானியர் கையில் சிக்கியது. தப்பி வந்த கப்பல் தலைவன் கெர்சகோன் சபை முன்னால் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான். "சட்டுனு திருப்பினப்போ இடது பக்கம் தண்ணி ஏறிச்சு. கப்பல் என் பேச்சைக் கேக்கல." சபை அரீஷைக் கூப்பிட்டுக் கேட்டது. ஊர்த் தெய்வம் தானித் தாய் மேல் ஆணையிட்டு அவர் சொன்னார், கப்பலில் ஒரு குறையும் இல்லை என்று. கெர்சகோனை நகர வாசலில் சிலுவையில் அறைந்தார்கள். இரண்டரை நாள் உயிரோடு இருந்தான். அந்த இரண்டரை நாளும் அரீஷ் வேறு வாசல் வழியாக வேலைக்குப் போனார்.

இரண்டாவது கப்பலில் இறங்கிப் பார்த்தார். பதினோராவது விலாவில் ஆப்பு. மூன்றாவதிலும் ஆப்பு. பதினேழிலும் பார்த்து முடித்தபோது முட்டி தேய்ந்து ரத்தம் கசிந்தது. சிக்கிய அந்தக் கப்பலைப் பார்த்து, ஏன் என்று ஒரு கேள்வி கேட்காமல் அவருடைய கோபத்தைப் பதினேழு தடவை செதுக்கியிருந்தார்கள். வெட்டி நாற்பது நாள்கூட ஆகாத மரம். இந்த வேகத்தில் கட்டுகிறவன் பதினேழோடு நிறுத்தியிருக்க மாட்டான்.

மத்தானிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். ஆப்பையும், பொய் ஆணையையும்கூட.

மத்தான் ஒரு மாதுளையை உரித்து முத்து முத்தாக வாயில் போட்டபடி கேட்டான். பிறகு அவரைப் படித்துறைக்கு அழைத்துப்போய், நாளை கிளம்பவிருந்த புதுக் கப்பல் ஒன்றின் தளப்பலகையைத் தூக்கிக் காட்டினான். பதினோராவது விலாவில் ஆப்பு இருந்தது.

"எல்லாத்துலயும் இருக்கு மேஸ்திரி. நீங்க அப்புறம் அடிமரம் மட்டும் பாக்கப் போயிட்டீங்க, விலாப் பக்கமே வரல. பசங்க அன்னிக்கு உங்க மரத்தைப் பாத்து எடுத்த அச்சை வெச்சே ஆறு வருஷமா வெட்டுறாங்க. இது ஏதோ உங்க தனித் தொழில் நுணுக்கம்னு நானே சபைல பெருமையாச் சொல்லியிருக்கேன்."

அரீஷ் அந்த ஆப்பைத் தொட்டுப் பார்த்தார். "அப்போ நம்ம கப்பலும் இடது பக்கம்..."

"ம்."

"தளபதிகிட்டச் சொல்லணும். ஒரு மாசம் தள்ளிப் போகச் சொல்லுங்க. எல்லாத்தையும் மாத்திக் குடுத்துடறேன்."

"தாராளமாச் சொல்லுங்க. கெர்சகோனோட மரம் இன்னும் வாசல்லதான் நிக்குது. ஒண்ணு உங்களுக்கு, பக்கத்துல ஒண்ணு எனக்கு. உங்களுக்கென்ன, வயசாயிடுச்சு. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு." விதையைத் துப்பினான். "விலாவை அடைச்ச மாதிரி வாயையும் அடைச்சுக்குங்க மேஸ்திரி."

சாயங்காலம் வீட்டில் ஷாபாத் கோதுமைக் கூழைக் குடித்துக்கொண்டிருந்தான். அரீஷ் எதிரே உட்கார்ந்தார்.

"இந்தப் பயணம் போகாத. உடம்பு சரியில்லன்னு சொல்லிடு."

"எனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு."

"அவங்க கப்பல நான் பாத்தேன். லேசா எடுத்துக்காத."

ஷாபாத் சிரித்தான். "மத்தியானம் நீங்க சிரிச்சதை ஊரே பாத்துச்சுப்பா. துடுப்பு பிடிக்கிறேன்னு சொன்ன நாள்லேந்து உங்களுக்கு ஏதாவது ஒரு காரணம். அப்போ மூச்சிரைக்கும்னீங்க, அப்புறம் அந்தக் கூட்டம் சரியில்லன்னீங்க. இப்ப ரோமாக்காரனா?"

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். அந்த ஆப்பை எந்த நாளில் அடித்தேன் என்று சொன்னாலே அவன் நம்பியிருப்பான். ஆனால் கெர்சகோனின் மனைவியைத் தெருவில் பார்த்தால் எழுந்து நின்று வழிவிடுகிற பிள்ளை அவன். உண்மை தெரிந்தால் அவன் தன்னை எப்படிப் பார்ப்பான் என்று அரீஷுக்குத் தெரிந்தது. "கூழ் ஆறுது, குடி," என்று எழுந்துவிட்டார்.

காலையில் பலி கொடுத்து, சங்கூதி, கப்பல்கள் வரிசையாக நின்றன. தளபதி படித்துறையில் நடந்து வந்தவர் அரீஷைக் கண்டு நின்றார்.

"மேஸ்திரி, அவனுங்க கப்பல்ல நேத்து இறங்கிப் பாத்தீங்களாமே. எப்படி இருக்கு?"

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மத்தான் தன் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தான். மூன்றாவது கப்பலின் துடுப்புத் துளையிலிருந்து ஷாபாத்தின் தலை எட்டிப் பார்த்தது. அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தது.

அரீஷ் வாயைத் திறந்தார். நகர வாசல் இங்கிருந்து பார்த்தாலும் தெரியும்.

"மாட்டுக்கொட்டாய்ங்க," என்றார். "துடுப்பு வெச்ச மாட்டுக்கொட்டாய்."

படித்துறையே சிரிப்பில் அதிர்ந்தது. தளபதி அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். துடுப்புத் துளையில் ஷாபாத்தும் பல் தெரியச் சிரித்தான். அவர் அவனை அப்படிச் சிரிக்கவைத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

பதினெட்டு நாள் கழித்துத் திரும்பி வந்தவற்றில் மூன்றாவது கப்பல் இல்லை. அதிலிருந்து நீந்தித் தப்பிய ஒருவன் அரீஷின் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"கொட்டாய்தானேன்னு வரிசைகூடக் கட்டாமப் போனோம் ஐயா. அவனுங்க கப்பல் நூறுக்கு மேல நின்னுச்சு. மொனைல கூரா இரும்பு வெச்ச பாலத்தை நம்ம மேல போட்டு நடந்தே வந்தானுங்க. தலைவர் சட்டுனு திருப்பச் சொன்னாரு." முழங்காலைக் கட்டிக்கொண்டான். "இடது பக்கம் தண்ணி ஏறிச்சு."

அரீஷ் அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அவர் கை நடுங்கவில்லை. அது அவருக்கே அருவருப்பாக இருந்தது.

மறுவாரம் சபை ஆணையிட்டது. நூறு கப்பல், உடனே. பட்டறையில் இரவுபகல் வித்தியாசமில்லாமல் வாய்ச்சியால் மரம் செதுக்கும் சத்தம் ஒலித்தது. அரீஷ் விலா மரங்கள் அடுக்கியிருந்த கொட்டகைக்குள் வந்தபோது தச்சன் ஒருவன் நிமிர்ந்தான்.

"மேஸ்திரி, ரொம்ப நாளாக் கேக்கணும்னு. இந்தப் பதினோராவதுல வெட்டி, அப்புறம் ஆப்பு அடிக்கிறோமே, அது எதுக்கு? இந்தத் தடவை விட்டுடலாமா? நேரமாவது மிச்சமாகும்."

மற்ற தச்சர்களும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வாசலில் மத்தான் நின்றிருந்தான். வேண்டாம் என்று சொன்னால், இத்தனை நாள் எதற்கு என்ற அடுத்த கேள்வி நகர வாசல் வரை போகும்.

அரீஷ் அந்த மரத்தைத் தடவிப் பார்த்தார். நல்ல மரம், ஒரு முடிச்சுகூட இல்லை.

"எப்பவும் போடுற மாதிரியே போடு," என்றார்.