ஹேமலதா தப்பான டிஸ்கை அழித்த கதை

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டுத்தான் பெற்றேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆரணியில் அன்பரசுவின் கம்ப்யூட்டர் கடையில், என் மடிக்கணினி பழுது நீங்கி வருவதற்காகக் காத்திருந்தேன். பக்கத்து ஸ்டூலில் ஒரு பெண்மணி அன்பரசுவிடம் எதையோ சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்ததும் கோபித்துக்கொள்ளவில்லை.

"எழுதுறவரா நீங்க? எழுதுங்க. ஆனா எழுதினத எனக்குக் காட்டணும்" என்றார்.

அவர் பெயர் ஹேமலதா. வயது நாற்பத்தைந்து. பட்டுச் சேலைகளுக்குக் கரையும் முந்தானையும் கணினியில் வரைந்து கொடுப்பவர். தறியின் மேலிருக்கும் ஜக்கார்டு பெட்டி அந்தப் படத்தைப் படித்து, எந்த இழையைத் தூக்குவது என்று தறிக்குச் சொல்லும். பத்தொன்பது வருடங்களாக இதுதான் அவர் தொழில்.

எழுதியதைக் காட்டினேன். கீழே தெரியும் அடித்தல் திருத்தல்களில் பாதி அவருடையவை.

2

முதல் தொடக்கம்:

'புது ஹார்ட் டிஸ்க் என்பது எதுவும் எழுதப்படாத வெள்ளைத்தாளைப் போன்ற—'

நிறுத்திவிட்டேன். வெள்ளைத்தாளில் வாங்கிய உடனே எழுதலாம். புது டிஸ்கில் முடியாது. கணினிக்கு முதலில் அதை அறிமுகம் செய்துவைக்க வேண்டும். பிறகு இடம் ஒதுக்கி, பார்மட் செய்து, ஒரு பெயரும் வைக்க வேண்டும்.

இரண்டாம் தொடக்கம்:

'டிஸ்கைப் பிரிப்பதும் அண்ணன் தம்பிகள் வீட்டைப் பாகம் பிரிப்பதும்—'

இதை அடித்தது ஹேமலதா. "எங்க வூட்ல யாரும் பாகம் பிரிக்கலீங்க. நடந்தத எழுதுங்க."

3

நடந்தது இது.

டிசைன்களெல்லாம் இருந்த பழைய டிஸ்க் ஒரு மாதமாகக் கறகறவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஹேமலதா புதிது ஒன்று வாங்கிவந்தார். கடைக்குக் கணினியைத் தூக்கிக்கொண்டு போக அவருக்கு மனமில்லை. (டிசைன் வெளியே போனால் அடுத்த தெருத் தறியில் அதே கரை ஓடும். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.) ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, தானே மாட்டிவிட உட்கார்ந்தார்.

டார்ச் பிடித்தது கணவர் தணிகாசலம். போளூர் தடத்தில் தனியார் பேருந்து ஓட்டுநர். அன்று அவருக்கு ஓய்வு நாள். அவர் வாய்க்கு ஓய்வு நாள் கிடையாது. தினமும் டூட்டி முடிந்து வந்ததும் அன்று சாலையில் கண்டதையெல்லாம் சொல்வார். ஹேமலதா திரையைப் பார்த்தபடி 'ம்' கொட்டுவார். அதில் தணிகாசலத்துக்குப் பழைய மனத்தாங்கல். "நான் கத்திகினே கெடக்குறேன், நீ அந்த டப்பாவத்தான் பாத்துகினு இருக்க" என்று வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்லிவிடுவார். பிள்ளைகள் இல்லாத வீடு. அவர் பேச்சைக் கேட்க அங்கே வேறு ஆளில்லை.

புது டிஸ்கை மாட்டியாயிற்று. கணினி அதைத் துவக்கட்டுமா என்று கேட்டது, சரி என்றார். கணினியை ஓட்டும் சின்ன டிஸ்கைத் தவிர, இப்போது திரையில் ஒரே அளவில் இரண்டு டிஸ்குகள். இரண்டிலும் 931 ஜிபி. வீடியோவில் பேசியவர், "பழைய வால்யூம், அதாவது முன்னாடியே ஒதுக்கின இடம், ஏதாவது இருந்தா அத டெலிட் பண்ணிடுங்க" என்றார்.

தணிகாசலம் அப்போது, முந்தின நாள் கல்யாண மேளக்காரர்கள் பேருந்தில் ஏறிய கதையில் இருந்தார். தவில் படியில் மாட்டிக்கொண்டதாம். உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல்—

"கேக்குறியா இல்லியா?"

"கேட்டுகினுதாங்க இருக்கேன்" என்று திரும்பி அவர் முகத்தைப் பார்த்தபடியே, திரை காட்டிய எச்சரிக்கைக்கு 'ஆமாம்' என்பதை அழுத்தினார் ஹேமலதா.

திரும்பிப் பார்த்தபோது, டிஸ்கின் பெயருக்கு நேரே இருந்த நீலப் பட்டை கறுப்பாகியிருந்தது. அழிந்தது பழைய டிஸ்க். இரண்டாயிரத்து முந்நூறு டிசைன்கள்.

4

இந்த இடத்தில் என் கைப்பிரதியில் தணிகாசலம் கத்துகிறார். 'பத்தொம்பது வருசத்த ஒரு தட்டுல போக்கிட்டியே!' என்று இரண்டு பத்தி. கணவன் பாத்திரம் அப்படித்தான் செய்யும் என்று நினைத்தேன்.

ஹேமலதா அந்தப் பக்கத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். "இவரு யாருன்னே எனக்குத் தெரிலீங்க."

நடந்ததில், கத்த அவருக்கு நேரமே இல்லை. மனைவியின் கை மவுஸ் மேலேயே உறைந்துபோயிருந்தது. டார்ச்சை அணைத்துவிட்டு அன்பரசுவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"அண்ணா, பேஜாராவாதீங்க" என்றான் அன்பரசு. "வால்யூம்தான் போயிருக்கும், உள்ள இருக்குறது அப்படியேதான் இருக்கும். அக்கா, அதுல புதுசா ஒண்ணும் எழுதிடாதீங்க. புது டிஸ்க மட்டும் ரெடி பண்ணி வெய்ங்க. காலையில வந்து இதுலேர்ந்து மீட்டு அதுல போட்டுர்லாம்."

ஆக, எந்த வேலையில் கை தவறியதோ அதே வேலையை மறுபடி செய்தாக வேண்டும். ஹேமலதா மவுஸைத் தள்ளிவைத்தார். "எனக்குப் பயமா கீதுங்க. மறுபடியும் மாத்தி அழுத்திட்டா?"

தணிகாசலம் கணினியின் வயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுல பழசு எது?"

"மேல இருக்குறது. எதுக்கு?"

"ஆப் பண்ணு. அதோட வயர புடுங்கிட்டா, மாத்தி அழுத்த அது அங்க இருக்காதுல்ல?"

(வீடியோக்காரர் இதைச் சொல்லவேயில்லை என்பதை ஹேமலதா குறிக்கச் சொன்னார். குறித்துவிட்டேன்.)

வயரைப் பிடுங்கினார்கள். ஹேமலதா மறுபடி உட்கார்ந்தார். புதிய டிஸ்குக்கு இடம் ஒதுக்கினார். பார்மட் கொடுத்தார். ஒவ்வொரு தடவை அழுத்துவதற்கு முன்னும் தணிகாசலம் குனிந்து, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்து, "ரைட், போ" என்றார். பெயர் கேட்டதற்கு எதுவும் தோன்றாமல், கணினி கொடுத்த 'நியூ வால்யூம்' என்பதையே விட்டுவிட்டார்கள். கடைசி வரை தவில் கதையை அவர் தொடரவில்லை. ஹேமலதாவும் கேட்கவில்லை.

5

மறுநாள் காலை பத்து மணிக்கு அன்பரசு வந்தான். தணிகாசலம் பணியை இன்னொரு ஓட்டுநருக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்தார். பழைய டிஸ்கின் வயரை மாட்டி, மீட்கும் மென்பொருளை ஓடவிட்டார்கள். மூன்று மணி நேரம். நாற்பத்து மூன்று கோப்புகள் படிக்க முடியாமல் போயின. மற்றதெல்லாம் வந்துவிட்டது.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, அன்பரசு கைக்கு அகப்பட்ட போல்டர் ஒன்றைத் திறந்தான். அதன் பெயர் 'டூட்டி'.

"அத வுடுப்பா, வேற பாரு" என்றார் ஹேமலதா அவசரமாக. அதற்குள் ஒரு படம் திறந்துகொண்டது. கரை முழுக்க வரிசையாக நடக்கும் வாத்துகள்.

"இன்னாக்கா, வாத்தா? கரையில அன்னம் போடுவாங்க, வாத்து யாரு கேட்டாங்க? அதுவும் கடைசி வாத்து மட்டும் திரும்பிப் பாக்குது?"

தணிகாசலம் நாற்காலியை விட்டு எழுந்துவந்தார்.

"அது சந்தவாசல் ஊருக்குள்ள" என்றார் மெதுவாக. "நான் ஹாரன் அடிச்சேன். எல்லாம் ஓடிப்போச்சு. கடைசியா வந்தது மட்டும் நின்னு திரும்பி என்ன ஒரு மொற மொறச்சுது." மனைவியைப் பார்த்தார். "சொல்லி ஆறு வருசம் இருக்கும்."

அன்பரசு அடுத்ததைத் திறந்தான். முந்தானை. பேருந்து ஜன்னலில் தலை நீட்டும் ஆட்டுக்குட்டி. அடுத்தது: படியெல்லாம் கொட்டிய வேர்க்கடலை, கட்டம் கட்டமாக. அடுத்தது: மழையில் ஒரே குடையில் நாலு பேர். நூற்று அறுபத்தெட்டுப் படங்கள். எதையும் அவர் எந்தத் தறிக்கும் கொடுத்ததில்லை.

"நீங்க சொல்லச் சொல்ல வரைஞ்சதுதான்" என்றார் ஹேமலதா. "கண்ணு திரையிலதாங்க இருந்துச்சு."

6

தொலைந்த நாற்பத்து மூன்றில் ஒன்றிரண்டாவது அந்தப் போல்டரில் இருந்திருக்க வேண்டும், கதைக்கு அதுதான் நியாயம் என்று வாதாடிப் பார்த்தேன். "ஒண்ணு கூடப் போவல. அதுக்கு நான் இன்னா பண்றது?" என்றார்.

தணிகாசலம் பிறகு என்ன சொன்னார்? மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) அவர் கண் கலங்கி வெளியே போகிறார். ("அழலீங்க.")

ஆ) 'எனக்கும் இதுல பங்கு உண்டு' என்று கிண்டலடிக்கிறார். (சிரித்தார். ஆனாலும் அடித்தார்.)

இ) எதுவும் பேசாமல், கைகளை—

"இதெல்லாம் வாணாம்" என்றார் ஹேமலதா. "அவரு ஒண்ணு சொன்னாரு. எழுத மாட்டேன்னு சொன்னீங்கன்னா சொல்றேன்."

எழுத மாட்டேன் என்றேன். சொன்னார். என் மூன்றையும் கிழித்துப் போட்டேன்.

வாக்குக் கொடுத்துவிட்டதால் என்னால் இதற்கு மேல் போக முடியாது. உங்களால் முடியும். போளூர் பேருந்தில் முன் இருக்கையில் உட்காருங்கள். ஓட்டுநருடன் பேசாதீர்கள் என்று அவர் தலைக்கு மேல் எழுதியிருக்கும். வண்டி நிற்கும்போது கேளுங்கள்.