கீழ்வீட்டுக்காரரின் காது

எங்கள் பால்கனியில் ஒரு பிடி மண் கிடையாது. கீழே மீன் தொட்டி. அதற்கு மேலே கூழாங்கல் நிரப்பிய பெட்டியில் கீரையும் தக்காளியும். மீன் கழிவு கலந்த தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். செடிகள் சத்தை எடுத்துக்கொண்டதும் தெளிந்த தண்ணீர் சளசளவென்று தொட்டிக்குள் திரும்ப விழும்.

அந்தச் சளசளப்புதான் கீழ்வீட்டுத் தையல்காரருக்கு ஆகாது. "காதுக்குள்ள குழாயத் திறந்து விட்ட மாதிரி இருக்கு" என்று வாரம் தவறாமல் சண்டைக்கு வருவார். நானும் லேசுப்பட்டவன் இல்லை. "பஞ்சு வச்சுக்குங்க" என்று கதவைச் சாத்துவேன்.

போன ஞாயிறு தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். மதியம் திரும்பினால் எங்கள் கதவு திறந்து கிடந்தது. பால்கனியில் தையல்காரர், சட்டையெல்லாம் நனைந்து, தொட்டித் தண்ணீரைக் குவளையில் மொண்டு உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தார். மோட்டார் பழுதாகி நின்றிருந்தது.

"காலையில திடீர்னு சத்தம் நின்னுச்சு. மனசு கேக்கல தம்பி. ஓனர்கிட்ட சாவி வாங்கிட்டு வந்து பாத்தா, மீனெல்லாம் மேல வந்து மூச்சுக்குத் தவிக்குது. ரெண்டு மணி நேரமா ஊத்துறேன்."

ஒரு மீன்கூடச் சாகவில்லை. கீரையில் பாதியை அறுத்து அவர் கையில் வைத்தேன்.

"நாளைக்கே வேற குழாய் போட்டு, சத்தம் வராம பண்ணிடுறேன் அண்ணே."

அவர் முறைத்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம். அப்புறம் மோட்டார் நின்னா எனக்கு எப்படித் தெரியும்?"