வாய் தவறிய ஜெபம்

அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஜெபம் என்றால் எஸ்தர்தான். பிரசவ வலியோ, பிள்ளைக்குப் பரீட்சையோ, தலவாக்கலைக்கு மேலே வரிசை வீடுகளாக இருக்கிற அந்த லயங்களில் வேதக்காரர்கள் முதலில் தேடுவது அவளைத்தான். வசனங்களைக் கோத்து, ஏற்ற இறக்கத்தோடு அவள் ஆரம்பித்தால் பாஸ்டரே ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால், அங்கேயே கொழுந்து பறிக்கிற சுதர்ஷினி ஞானஸ்நானம் எடுத்தாள். வந்தது வினை.

சுதர்ஷினிக்கு வசனம் ஒன்றும் தெரியாது. "சாமி, கொழுந்து கொறஞ்சு போச்சு, கொஞ்சம் பாருங்க" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலப் பேசுவாள். அதற்குப் போய் ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள். எஸ்தருக்கு வயிறு எரிந்தது. இதெல்லாம் ஒரு ஜெபமா?

அது போதாதென்று, கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் ஒரு டீச்சர் வேலை வந்தது. ஒரே வேலை. எஸ்தரின் மகள் நிலக்ஷியும் கேட்டிருந்தாள், சுதர்ஷினியின் மகள் தனுஜாவும் கேட்டிருந்தாள். கிடைக்காவிட்டால் கொழும்புத் துணிக்கடைக்குப் போய்விடுவேன் என்று நிலக்ஷி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள எஸ்தருக்கு வேறு வழி இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம் சுதர்ஷினியின் லயக் காம்பராவில். எந்த வீட்டில் கூட்டமோ அந்த வீட்டுக்காரிதான் ஜெபக் குறிப்பையும் சொல்வாள், யார் ஜெபிப்பது என்றும் சொல்வாள். கூப்பிட்டால் மறுக்கக்கூடாது.

"தனுஜாவுக்கு அந்த வேல கெடைக்கணும்," என்றாள் சுதர்ஷினி. "எஸ்தரக்கா ஜெபிக்கட்டும்."

எஸ்தருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எல்லோரும் கண்ணை மூடிக் காத்திருக்கும்போது என்ன செய்வது? எழுந்து முக்காட்டைச் சரி செய்தாள். மனசு வராவிட்டாலும் குரல் வரும், அது அவளுக்குப் பழக்கம்தான். பரலோகப் பிதாவை அழைத்தாள். வனாந்தரத்தில் மன்னா பொழிந்ததைச் சொன்னாள். குரல் தழுதழுத்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அவளுக்கே கொஞ்சம் பெருமையாகிவிட்டது.

"ஆகையால் ஆண்டவரே, உமது அடியாளாகிய நிலக்ஷிக்கு இந்த வேலையைக் கட்டளையிடும்."

"ஆமென்," என்றது காம்பரா முழுவதும். அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள்.

சுதர்ஷினி எல்லோருக்கும் இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தாள். எஸ்தர் அதை வாய் சுடக் குடித்துவிட்டு வெளியே வந்து, பீலிக் குழாயில் விழுகிற தண்ணீரில் முகத்தைக் கழுவினாள். பின்னாலேயே சுதர்ஷினியும் வந்துவிட்டாள்.

"வாய் தவறிருச்சு. வேணும்னு சொல்லல," என்றாள் எஸ்தர்.

"தெரியுங்கக்கா. வேணும்னு சொல்லிருந்தா இம்புட்டு உருக்கமா வந்திருக்காது."

திட்டினால் திருப்பித் திட்டலாம்.

"ஒனக்கென்ன, ஒம் மனசு சுத்தம்," என்றாள் எஸ்தர் கசப்போடு. "அதுனாலதான் நீ ஜெபிச்சா அழுவுறாங்க."

சுதர்ஷினி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நா எதுக்கு ஒங்களக் கூப்புட்டேன்னு நெனைக்கிறீங்க? ஒங்க ஜெபந்தான் எடுபடும்னு எனக்குப் பயம். தனுஜாவுக்காக எல்லார் முன்னாடியும் கேட்டுட்டா, அப்புறம் நிலக்ஷிக்குக் கேக்க ஒங்களுக்கு வாய் வராதுல்ல. அதுக்குத்தாங்கக்கா."

எஸ்தருக்கு ஆத்திரம் வந்தது. அதைவிட வேகமாக ஒரு அற்ப சந்தோஷம் வந்தது. இவளும் நம்மைப் போலத்தான். கொஞ்ச நேரத்தில் அந்தச் சந்தோஷமே அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

"வா, இப்ப ஜெபிப்போம்," என்றாள். "நா ஒம் மகளுக்காக, நீ எம் மகளுக்காக."

இருவரும் கண்ணை மூடினார்கள். "ஆண்டவரே," என்றாள் எஸ்தர். வசனம் ஒன்றும் வரவில்லை. தனுஜா என்று சொல்லப் பார்த்தாள். தொண்டையிலேயே நின்றுவிட்டது. மறுபடியும் முயன்றாள். பக்கத்திலும் சத்தம் இல்லாததால் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"அவசரமில்லக்கா," என்றாள் சுதர்ஷினி, கண்ணைத் திறக்காமலே. "எனக்கும் நிலக்ஷின்னு இன்னும் வரல."