சிவப்பு அட்டை கட்டிய சைக்கிள்

என் இரண்டு முழங்கால்கள் மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இடது முழங்காலை நம்பாதவர்கள் வலதைக் கேட்டுக்கொள்ளலாம்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஓய்வுபெற்றவர்களுக்கு நகரசபை கொடுக்கும் வேலைகளில் எனக்கு வாய்த்தது, ஹிராகுசா ரயில் நிலையத்தில் சைக்கிள்களை வரிசையாக நிறுத்துவது. காலை ஆறு மணிக்குப் பச்சை மேலங்கியோடு அங்கே நிற்க வேண்டும். மூன்று தடவை தாமதமானால் மேலங்கி அடுத்த கிழவருக்குப் போய்விடும். எனக்கு இரண்டு ஆகியிருந்தது.

குற்றம் என் சைக்கிளுடையது. அதற்கு முப்பத்தொரு வயது. நிலையத்துக்குப் போகும் வழியில் நரிமேட்டில் ஏறும்போது, தினமும் தோஃபு கடை வாசலில் சங்கிலி கழன்றுவிடும். வண்டி பின்னால் சரியும். நான் பிரேக்கைப் பிடிப்பேன். அந்தக் கிறீச்சொலியில் தொட்டித் தண்ணீரில் கிடக்கும் தோஃபுக் கட்டி தானாகவே சதுரம் சதுரமாக வெட்டுப்பட்டுவிடும். கடைக்காரர் கத்தி வாங்கிப் பல வருஷமாகிறது. நான் சங்கிலியை மாட்டி முடிப்பதற்குள் சில நாள் ஆறு மணி தாண்டிவிடும்.

என் மனைவி கினுயோ ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

"ஏங்க, பேட்டரி வண்டி வாங்குங்க. இல்லன்னா வேலைய விட்டுட்டு வீட்ல உக்காருங்க."

வீட்டில் தினமும் அவளுடைய பாட்டுக்குழு பயிற்சி செய்கிறது. பதினான்கு பெண்கள். எனக்கு வேலை வேண்டும்.

சைக்கிளை ரிப்பேர்க்காரன் முனெமோரியின் கடைக்குக் கொண்டுபோனேன். அவன் அதைச் சுற்றி வந்தான். செத்த வீட்டுக்கு வந்தவனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

"சங்கிலிய மாத்துனா பல்சக்கரம் கடிக்கும்யா. பல்சக்கரத்த மாத்துனா வீல் ஒத்துக்காது. வீல மாத்துனா ஃப்ரேம் கோவிச்சுக்கும்."

துருவையாவது துடைத்துக் கொடு என்றேன்.

"துடைக்கலாம். அப்புறம் எது மேல உக்காருவீங்க?"

யோசிக்கத் தெம்பில்லை. ஒரு வாரம் போகட்டும் என்று வண்டியோடு திரும்பிவிட்டேன்.

மறுநாள் வேலையிடத்தில், கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டிகளுக்குச் சிவப்பு அட்டை கட்டும் முறை எனக்கு. ஏழு நாளில் யாரும் வராவிட்டால் லாரி வந்து அள்ளிப்போகும். பாதித் தூக்கத்தில் பத்து வண்டிக்குக் கட்டினேன். பதினொன்றாவதைப் பார்த்ததும் மனசு கனத்துவிட்டது. கூடையில் சிட்டுக்குருவி முட்டையிட்டிருந்தது. இதை இப்படி விட்டுப்போன பாவி யாரோ என்று முணுமுணுத்தபடி, அழகான கையெழுத்தில் தேதி போட்டுக் கட்டினேன். கட்டி முடித்து நிமிர்ந்தபோதுதான் அந்தப் பாவி நான் என்று தெரிந்தது.

அவிழ்க்க முடியாது. ஊழியர் அட்டையைத் தொடக்கூடாது. உரிமையாளரே படிவத்தோடும் தன் பெயர் முத்திரையோடும் காலை பத்து மணிக்கு அலுவலக ஜன்னலுக்கு வர வேண்டும். ஜன்னலில் உட்காருபவனும் நான்தான். அன்றே பத்து மணிக்கு மேலங்கியைக் கழற்றிவிட்டு வெளியே போய் வரிசையில் நின்றேன். ஜன்னலில் யாருமில்லை. உள்ளே என் கூட்டாளி ஹாச்சியா சோற்றுருண்டையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

"பெரியவரே, வந்தவர நிக்க வைக்காதீங்க."

ஓடிப்போய் மேலங்கியை மாட்டிக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்தேன். படிவத்தில் இரண்டே கட்டங்கள்: 'தொடர்ந்து பயன்படுத்துகிறேன்', 'அப்புறப்படுத்தவும்'. எதில் முத்திரை குத்துவது என்று உரிமையாளருக்குத் தெரியவில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது. ஒருநாள் அவகாசம் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அதனால் அடுத்த நாள் காலை சைக்கிள் இல்லாமல் நடந்தே கிளம்பினேன். சங்கிலி கழலவில்லை, முழங்கால்கள் கழன்றன. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. தோஃபு கடை வாசலில் இரண்டு தடவை உட்கார்ந்தேன். தோஃபு வெட்டுப்படாமல் முழுசாகக் கிடந்தது. கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு நிலையத்தில் போய் விழுந்தேன்.

பத்து மணிக்கு முதல் கட்டத்தில் முத்திரை குத்தினேன். அட்டை அவிழ்ந்ததும் சைக்கிளை முனெமோரியிடம் உருட்டிக்கொண்டு போனேன்.

"புது வண்டியா, புதுச் சங்கிலியாய்யா?"

"ரெண்டும் வேணாம். இருக்குற சங்கிலிய எடுத்துடு."

எடுத்துவிட்டான். இல்லாத சங்கிலி எப்படிக் கழலும்? அன்றிலிருந்து ஒருநாள்கூட நான் தாமதமாகவில்லை. மேலங்கி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இப்போதும் தினமும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டுதான் நரிமேடு ஏறுகிறேன்.

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.