கயிற்றில் கை வைத்தவர்

அமைச்சர் கண்டக்குழிக்கு வருகிறார் என்றதும் எனக்குப் பெரிய சந்தோசம். நான் மஹ்ரூப், கரைவலைச் சம்மாட்டி; வலை என்னுடையது, ஆட்களைச் சேர்த்து இழுப்பிக்கிறதும் நான்தான். எங்கள் வலை இழுக்கிற கரையை ஹோட்டலுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று நாலு மனு எழுதியும் பதில் இல்லை. ஆளே நேரில் வந்தால் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். அந்த மடத்தனத்துக்கு இன்றைக்கும் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

அமைச்சரோடு டீவிக்காரர்களும் வந்தார்கள். 'ஒரு கயிறு, ஒரு நாடு' என்று சுதந்திர தின நிகழ்ச்சியாம். மதுசா என்ற டீவிக்காரப் பிள்ளை என் தலையைப் பார்த்தாள்.

“மஹ்ரூப் நானா, தொப்பி போடேல்லையா?”

“வலை இழுக்கக்குள்ள காத்து கொண்டு போயிரும் மகள்.”

“போடாட்டி முஸ்லிம் எண்டு சனத்துக்கு எப்படித் தெரியும்?”

பையிலிருந்து புதுத் தொப்பி ஒன்றை எடுத்து என் தலையில் வைத்தாள். என்னோடு வலை இழுக்கிற கில்பட்டின் நெற்றியில் திருநீறு பூசினாள்.

“நான் வேதக்காரன், தங்கச்சி. சேர்ச்சுக்குப் போற ஆள்,” என்றான் அவன்.

“இந்து ஆள் ஒருத்தரும் இல்லையே அண்ணா. கொஞ்ச நேரம் பொறுங்கோ.”

அமைச்சர் கயிற்றைப் பிடித்தார். பிடித்தார், அவ்வளவுதான். இழுத்தது நாங்கள் பதினெட்டுப் பேர்.

“சேர், எங்கட கரைய எடுத்துப் போடாதீங்க. நாப்பது குடும்பம் இத நம்பித்தான் இருக்கு,” என்றேன். கமரா என் முகத்துக்கு நேரே இருந்தது. அவர் என் தோளில் தட்டிச் சிரித்தார்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம். வலைக் கயிற்றில் யார் கை வைத்தாலும் மீனில் பங்கு உண்டு, வழிப்போக்கனுக்கும் உண்டு. அவருடைய பங்குப் பாரை மீனைப் பையில் போட்டு இரண்டு கையாலும் கொடுத்தேன். வாப்பா இருந்தாலும் அப்படித்தான் கொடுத்திருப்பார்.

சுதந்திர தினத்தன்று என் மனைவி ஜெமீலா டீவியைப் போட்டாள். வாய் என்னுடையது, குரல் வேறு யாருடையதோ. “இந்தக் கரை நாட்டின் சொத்து. நாட்டுக்காக மனமுவந்து கொடுக்கிறோம்,” என்றது அந்தக் குரல். உடனே நான் பையை நீட்டுகிறேன், அமைச்சர் வாங்குகிறார்.

“நீங்க எப்ப இவ்வளவு வடிவாக் கதைக்கப் படிச்சீங்க?” என்றாள் ஜெமீலா. பிறகு அவள் முகம் சுருங்கிப் போனது.

அடுத்த மாதம் கரைக்கு வேலி வந்தது. வாசலில் பெரிய போர்ட். அதில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். பக்கத்தில் கில்பட், நெற்றி நிறையத் திருநீறு. கீழே, 'நம் நாடு, நம் கரை.'

காவலாளி என்னை உள்ளே விடவில்லை.

“தம்பி, அந்தப் படத்தில இருக்கிறது நான்தான்,” என்றேன்.

அவன் போர்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“அவர் தொப்பி போட்டிருக்காரே,” என்றான்.