தேதி போடாத விளம்பரம்

1

இந்தக் கதை ஒரு விளம்பரமாகத்தான் பிறந்தது. என் கணவர் இறந்துபோனதை ஊருக்குத் தெரிவிக்கும் விளம்பரம். அதை எழுதச் சொல்லி என் மாமனார் ஏகாம்பரம் என்னிடமே தாளைக் கொடுத்தார். கல்நெஞ்சால் அல்ல. பர்மாவுக்குப் போகும் கடிதங்களையெல்லாம் அந்த வீட்டில் நான்தான் எழுதுவேன். அந்தப் பழக்கத்தில் கொடுத்துவிட்டார்.

விளம்பரத்தை முடிக்க முடியவில்லை. கதையாக எழுதினால் முடிகிறதா என்று பார்க்கிறேன்.

2

தொடங்கிப் பார்த்தவை:

ரங்கூனில் குண்டு விழுந்தபோது… (வேண்டாம். குண்டை நான் பார்க்கவில்லை.)

திருமயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே… (ஊரைப் பற்றி யார் கேட்டார்கள்?)

கண்ணப்… (கணவர் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. கையும் பாதியில் நின்றுவிட்டது. கண்ணப்பன். இப்போது எழுதிவிட்டேன்.)

3

'விளம்பரம்' என்ற சொல் 'விளம்பு' என்பதிலிருந்து வந்தது என்பார்கள். எல்லோரும் அறியச் சொல்வது என்று பொருள். காகிதம் வருமுன் அந்த வேலையைத் தமுக்கு செய்தது. மாமனார் அதை நோட்டீஸ் என்பார். பெயர் எதுவானாலும் காரியம் ஒன்றுதான். ஒருவரிடம் சொன்னதை மறுநாள் மாற்றிச் சொல்லலாம். ஊருக்கு விளம்பியதை மாற்ற வேண்டுமானால் வீடு வீடாகப் போக வேண்டும். அதுவும் விளம்பரம் சுருக்கமானது. 'ஒருவேளை' என்ற சொல்லுக்கு அதில் இடமில்லை. எனக்கோ அந்தச் சொல்தான் வேண்டியிருந்தது.

(கதை நகரவில்லை என்று தெரிகிறது. நகர்த்துகிறேன்.)

4

சேவுகன் எங்கள் ரங்கூன் கடையில் சமையல் பார்த்தவர். ஜப்பான்காரன் குண்டுக்குத் தப்பி, என் கணவரோடு பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்தவர். நாற்பத்திரண்டாம் வருஷம் ஆனி மாதம் அவர் மட்டும் வந்து சேர்ந்தார். மாமனார் முன்னால் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே சொன்னார்.

"'நீ முன்னால போ சேவுகா, இந்த மரத்தடியில செத்த நேரம் உக்காந்துட்டு வாரேன்'னாக. காய்ச்சல்தானே, வந்துருவாகன்னு நடந்தேன்யா. ஓடைக்கிட்ட இருட்டுற வரைக்கும் நின்னு பாத்தேன். விடிஞ்சு திரும்பிப் போனா, அந்த மரத்தடியில வேற யாரோ படுத்திருந்தாக."

முதல் பிரதியில், சேவுகன் ஒருமுறை திரும்பிப் பார்த்ததாகவும் என் கணவர் கையை உயர்த்திக் காட்டியதாகவும் எழுதியிருந்தேன். சேவுகன் அப்படிச் சொல்லவில்லை. அந்தக் கையை உயர்த்தியது நான். அந்த வரியை அடித்துவிட்டேன். ஆனால் நீங்கள் படித்துவிட்டீர்கள்.

அது என்றைக்கு என்று மாமனார் கேட்டார்.

"சித்திரையா வைகாசியான்னே தெரியலைங்கய்யா. நடக்குறப்ப நாள் ஏது?"

5

ஒரு வருஷம் காத்திருந்தோம். கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. திவசம் கொடுக்காமல் விடக்கூடாது என்று பங்காளிகள் சொன்னார்கள். நாள் தெரியாமல் போனவர்களுக்கு அமாவாசையை வைத்துக்கொள்ளலாம் என்றார் புரோகிதர்.

மாமனார் ஒப்பவில்லை. "அமாவாசை எல்லாருக்கும் பொதுவுங்க. எம்மகனுக்குன்னு ஒரு நாள் வேணும்."

பிறகு என்னிடம் தாளைத் தந்தார். "அந்த ரெண்டு மாசத்துல ஏதாச்சும் ஒரு நாளப் போடு ஆத்தா. நோட்டீசுல நாள் வந்துட்டா அப்புறம் அதுதான் நாள்."

6

பெயர், ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் எழுதினேன். தேதிக்கு வந்தேன்.

சித்திரையில் தேரோட்டம். அன்று புதுச் சேலை கட்டியிருந்தேன். நாலு பேர் பார்த்ததில் எனக்குப் பெருமை. அன்று வேண்டாம். இன்னொரு நாள் கோடை மழை. காயவைத்த வற்றலை நனையாமல் அள்ள ஓடி, வழுக்கி விழுந்து, எழுந்திருக்கவிடாமல் சிரிப்பு. அன்றும் வேண்டாம். வைகாசியில் ஆலங்குடியிலிருந்து பலாப்பழம் வந்தது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுக்கும்போது, நாத்தனார் தனலட்சுமி தன் அண்ணனைப்போல் குரலை மாற்றிக்கொண்டாள்.

"'நலம். நலமறிய அவா. சட்டை கிழிஞ்சிருச்சு.' அண்ணன் கடுதாசி எப்பவும் இம்புட்டுத்தானே அண்ணமிண்டி? இதுக்கா அந்தப் பழைய கடுதாசிய மூணு தடவ உள்ள போயிப் படிக்கிறீக?"

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன்.

அந்த நேரத்தில்தான் அவர் மரத்தடியில் உட்கார்ந்தார் என்று என் கையாலேயே எழுதுவதா?

ஒன்றும் நினைவில்லாத நாட்களும் உண்டு, அதில் ஒன்றைப் போடலாமே என்பீர்கள். அவர் இறந்த நாள் எனக்கு நினைவே இல்லாத நாளாக இருப்பதா?

7

முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஏதோ ஒரு தேதியைப் போட்டுவிடுகிறேன், புதுக்கோட்டையில் அச்சாகிறது, துக்கம் கேட்க ஆட்கள் வருகிறார்கள். இன்னொன்றில் அவரே வந்துவிடுகிறார். தாடி வைத்துப் பார்த்தேன், எனக்கே அடையாளம் தெரியவில்லை. தாடியை எடுத்தேன், நடந்து வந்தவராகத் தெரியவில்லை. இரண்டையும் விட்டுவிட்டேன்.

நடந்தது இதுதான். எழுதியாயிற்றா என்று மாமனார் கேட்டார். கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொன்னேன். அவரிடம் நான் அத்தனை நீளமாகப் பேசியது அன்றுதான்.

"நீங்களே சொல்லுங்க மாமா. அந்த ரெண்டு மாசத்துல நீங்க சிரிக்காத நாள் எதுன்னு சொல்லுங்க. அதப் போட்டுர்றேன்."

அவர் விரல்களை மடக்கினார். பிரித்தார். மறுபடி மடக்கினார்.

"அன்னிக்கு பலாப்பழம் அறுக்கையில," என்றார், "முகப்புல உக்காந்து நானும்ல சிரிச்சேன்."

தாளை அவர் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. அதில் இருப்பது இவ்வளவுதான்:

ஏகாம்பரம் செட்டியார் குமாரர் கண்ணப்பன், பர்மாவிலிருந்து நடந்து வரும் வழியில், சித்திரபானு வருஷம் ………… மாதம் ………… தேதி

முடிவு வேண்டும் என்பவர்கள் தேதியைப் போட்டு, அதன் பிறகு வரவேண்டிய சொல்லையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். போடுவதற்கு முன், அன்றைக்கு நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.